பாசி கேட்டு வந்தவர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு டீக்கடை பெஞ்சில். பக்கத்தில் ஒரு செய்தித்தாள் கிடந்தது. யாரும் அதைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. அதைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரிடமும், "நீங்க பாக்குறீங்களா? நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். என்னிடமும் கேட்டார். கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து, "எடுங்க பாய். நேத்து பேப்பரு அது. பஜ்ஜி மடிக்கத்தான் போட்டு வச்சிருக்கேன்" என்றார். "அப்போ பஜ்ஜிக்கு வேணுமே?" என்று சொல்லிவிட்டு, தாளைத் தொடாமலே டீயைக் குடித்து முடித்தார்.

டீக்கடைக்கு எதிரே இருந்த விருந்தினர் இல்லத்தில்தான் எங்கள் இருவருக்கும் வேலை. புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிய பழைய வீடு. மஞ்சள் சுவர், உயரமான கதவு, நடுவில் முற்றம். முதலாளி ஜப்பான் போய் வந்தவர். முற்றத்தில் ஜப்பானியத் தோட்டம் வேண்டும் என்றார். செல்போனில் படங்கள் வைத்திருந்தார். கல், வெள்ளை மணல், சின்னக் குளம், மீதித் தரை முழுக்கப் பாசி. கல்லும் மணலும் குளமும் பாயின் பொறுப்பு. ஓட்டல்களுக்குக் கல்பாதையும் நீரூற்றும் அமைத்துத் தருவது அவர் தொழில். ஐம்பதைத் தாண்டியவர். பாசியைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். பாசி என் பொறுப்பு.

நான் தாவரவியலில் முதுகலை படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். என் ஆய்வு சுவர்ப் பாசிகளைப் பற்றியது. "ஊரே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிற கருமத்த நீ மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாக்குறியாடி?" என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், "எம் பொண்ணு சயின்ஸு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

முதலாளியின் பேச்சில் குழப்பம் இல்லை. பொங்கல் விடுமுறைக்கு விருந்தாளிகள் வரும்போது முற்றம் பச்சையாக இருந்தால், அவருடைய மற்ற விடுதிகளின் தோட்டங்களுக்கும் சேர்த்து எனக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் நான் மறுபடி டியூஷன் சென்டருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் எழுத வைக்க வேண்டும். படித்த படிப்புக்கு நேராக ஒரு வேலை கிடைப்பது எங்கள் தெருவில் யாருக்கும் நடந்ததில்லை. எனக்கு அது நடக்க வேண்டும் என்று இருந்தது.

நர்சரியில் பாசி என்று சொல்லி வேறு செடிகளை விற்கிறார்கள். மலையிலிருந்து நல்ல பாசியைக் கொண்டுவந்தாலும் புதுச்சேரி வெயிலில் அது நிற்காது. இந்த ஊர்ச் சுவரில் பிழைத்த பாசிதான் இந்த ஊர் முற்றத்திலும் பிழைக்கும் என்று முடிவு செய்தேன். சரியான முடிவு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஊர்ச் சுவர்களெல்லாம் பச்சையாகிவிடும். நான் லென்ஸோடு போவேன், பாய் சுரண்டும் தகடும் தட்டுமாகக் கூட வருவார்.

சுவரில் பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. வழவழவென்று ஆளை வாரிவிடுவது வேறு இனம், அதற்கு இலையும் கிடையாது, தண்டும் கிடையாது. நான் தேடியவற்றில் மூன்று வகை முக்கியம். காய்ந்தால் இலைகளை உள்பக்கம் சுருட்டிக்கொண்டு கருகியது போலக் கிடக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே விரியும். அது ஹயோஃபிலா. குழாயடி நிழலில் இறகு போல இரண்டே வரிசையில் இலை வைத்திருப்பது ஃபிஸ்ஸிடென்ஸ். மெல்லிய காம்பின் நுனியில் வித்துப்பை தலைகீழாகத் தொங்கினால் பிரையம். ஹயோஃபிலா என்ற பெயர் பாயின் வாயில் ஹபீபுல்லா ஆயிற்று. "ஹபீபுல்லா இந்த செவுத்துல இருக்காரு, வந்து பாரும்மா" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் எங்கள் ஊர்ச் சுவர்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

நல்ல பாசி கிடைத்துவிட்டால், எடுத்துக்கொள்ளலாமா என்று சுவருக்குச் சொந்தக்காரரிடம் அவர் கேட்பார். அதுதான் நேரமாகும் வேலை.

சாரம் பகுதியில் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவர், தெருப்பக்கம். கையை நீட்டி வழித்துக்கொண்டு போயிருக்கலாம். பாய் கேட்டைத் தட்டி, வீட்டுக்காரம்மா வெளியே வரும்வரை தள்ளி நின்றார்.

"அம்மா, உங்க செவுத்துப் பாசி கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"இன்னாது?"

"பாசிம்மா. தோட்டத்துக்கு."

"அத்தத் தேய்க்கத்தான் ஒரு மாசமா ஆள் தேடிங்கிறேன். நீ மொத்தமா வழிச்சுங்கினு போ."

"மொத்தமா வேணாம். ரெண்டு கை போதும்."

எடுத்தது இரண்டு கை அளவுதான். மீதியையும் எடுக்கச் சொல்லி அந்த அம்மா திட்டினார்.

நெல்லித்தோப்பில் நிலைமை வேறு மாதிரி ஆனது. அங்கே முதல் வீட்டில் கேட்டோம், கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டுக்குப் போவதற்குள் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒரு பெரிய மனிதர் டிவிஎஸ்ஸில் வந்து, கூட ஒரு படித்த பெண்ணையும் அழைத்துவந்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. சும்மா கிடைக்கிறதை யார் கேட்டு வாங்குவார்கள்?

"சுகருக்காம்பா" என்றாள் குழாயடியில் ஒருத்தி.

"முட்டி வலிக்குன்னு சொன்னாங்களே."

"எதுவா இருந்தா இன்னா, எங்க செவுத்துப் பாசி எங்க வூட்டோட இருக்கட்டும்" என்று இரண்டாவது வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். மறுநாள் நாங்கள் போனபோது அவள் சுவரில் பாசி இருந்த இடத்தை ஒரு கோணிப்பையால் மூடி, மேலே செங்கல் வைத்திருந்தாள். அதற்கு முந்தின வருஷம்வரை அதே இடத்தைத் துடைப்பக்கட்டையால் தேய்த்தவள். "மருந்து இல்லைங்க, தின்னா வாந்திதான் வரும்" என்று நான் விளக்கினேன். படித்த பெண் மறைக்கிறாள் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. பாய், "சரிம்மா, ரொம்ப சந்தோசம்" என்று கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். அன்று எங்களுக்கு ஒரு தட்டுப் பாசிகூடத் தேறவில்லை.

"ஏன் பாய் இப்படி?" என்று கேட்டேன்.

"கேட்டா இன்னாம்மா கொறஞ்சிடப் போவுது?"

"பாசி கொறையுது."

சிரித்தார். ஆனால் பழக்கத்தை விடவில்லை. எப்போதிருந்து இப்படி, யாரிடம் கற்றது, எதனால் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை.

இந்தக் குணம் எனக்கு எல்லா நேரமும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம், "நாளைக்கு ஞாயித்துக்கெழம, புள்ளைய வேலைக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தேன்.

"என்னக் கேளுங்க பாய். வேலை என்னுது."

அம்மா என்னை முறைத்தாள்.  பாய் என்னைப் பார்த்துத் திரும்பி நின்று, "தப்புதான்மா. நாளைக்கு வர முடியுமா உன்னால?" என்றார்.

"வரேன்."

அவர் போன பிறகு அம்மா, "அந்த மனுசன் மரியாதைக்கிக் கேட்டாரு, உனக்கு வாய்க்கொழுப்பு" என்றாள். இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்காமல் என் தட்டுகளை இடம் மாற்றியதுகூட இல்லை.

தோட்டம் மெதுவாக உருவானது. கல்விளக்கு மாமல்லபுரத்திலிருந்து வந்தது. செதுக்கியவரிடம் ஜப்பான் என்று சொல்லாமல் விளக்கு என்று மட்டும் சொல்லியிருந்தார்கள், அவர் எண்ணெய் ஊற்றக் குழியும் திரி வைக்க மூக்கும் வெட்டி அனுப்பியிருந்தார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். போர்வெல் தண்ணீர் உப்பு, பாசியில் வெள்ளை படியவைக்கும் என்று நான் மறுத்துவிட்டதால், பக்கத்து வீட்டு மாடியில் டிரம்மில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரைப் பாய் கேட்டு வாங்கிவந்தார். மண்ணைத் தட்டிச் சமன் செய்து, பாசித் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, வெறுங்காலால் மிதித்து அழுத்த வேண்டும். அடியில் காற்று நின்றால் காய்ந்துவிடும். மைனாக்கள் புழு தேடி வந்து துண்டுகளைப் புரட்டிப் போடும். மறுபடி மிதிப்போம். மார்கழி பாதியில் முற்றத்தில் பாதிதான் பச்சை. மீதி செம்மண்.

மீதிக்குப் போதுமான பாசி இருந்த இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். இரண்டு தெரு தள்ளி, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு வீடு. அதன் வடக்குச் சுவர் முழுக்க, வெயிலே படாமல், மெத்தை போலப் பாசி. ஹயோஃபிலாவும் பிரையமும் கலந்து, விரல் வைத்தால் அமுங்கும் அளவுக்குத் தடிமன். வீட்டுக்காரம்மா பிரான்சில். ஊரில் அவரை மதாம் என்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார்.

"எடுத்துக்குங்க பாய்" என்றார் அவர் பஞ்சர் ஒட்டியபடி. "போகி அன்னிக்கு எப்படியும் சுரண்டிட்டு வெள்ளை அடிக்கப் போறேன். ரொம்ப வருசத்துக்கப்புறம் இப்பதான் மதாம் வெள்ளை அடிக்கக் காசு அனுப்பியிருக்காங்க."

"மதாம்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடறேன்."

"பாசிக்கா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாய், இந்த செவுத்துல பாதி ஊர் ஒண்ணுக்கு அடிச்சிருக்கு. ஒருத்தனும் மதாம்கிட்ட கேட்டதில்ல."

பாய் நம்பர் வாங்கி வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினார். நீளமான பதிவு. தான் யார், எந்தத் தோட்டம், எந்தச் சுவர், எவ்வளவு வேண்டும் என்று எல்லாம் சொன்னார். பதில் வரவில்லை. மதாம் போனைத் தினமும் பார்க்க மாட்டார், பேரப்பிள்ளை வந்தால்தான் பார்ப்பார் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். நாட்கள் போயின. எனக்குக் கோபம் வந்தது.

"எப்படியும் சுரண்டிக் குப்பையிலதான பாய் போடப் போறாங்க?"

"குப்பையில போடறது அவங்க இஷ்டம். அவங்களுது."

"அதுக்குள்ள பொங்கல் வந்துடும்."

"தெரியும்மா" என்றார். தெரியும் என்பது முகத்திலும் இருந்தது.

போகிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். முதலாளி இரண்டு ஆட்களுடன் வந்து இறங்கினார். ஆட்டோ நிறையத் தட்டுகள். தட்டு நிறையப் பாசி. அடியில் ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்பையும் செங்கல் தூளையும் பார்த்ததும் எந்தச் சுவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "சைக்கிள் கடைக்காரர் எடுத்துக்கச் சொல்லிட்டாரு. சீக்கிரம் போடுங்க" என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சரி என்றால் போதும் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அதில் பெரிய தப்பு இருப்பதாக நினைக்கவில்லை. வேகமாகப் பதித்தேன், மிதித்தேன், தண்ணீர் தெளித்தேன். கருகிக் கிடந்தது விரிந்து, முற்றம் ஒரே பச்சையானது. எந்தப் படத்துக்கும் குறைவில்லை.

பாய் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். முற்றத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "மாஷா அல்லாஹ்" என்றார். குனிந்து புறங்கையால் தடவினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"மதாம் பேசினாங்களா?"

"எல்லாம் சொல்லியாச்சு பாய்" என்றார் முதலாளி.

பாய் என் பக்கம் திரும்பினார். "இது எந்த செவுரும்மா?"

பாசியைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் தப்பான பதில் சொல்வதில்லை. "அந்த செவுருதான் பாய். கடைக்காரர்கிட்டதான் கேட்டிருக்காங்க. மதாம்கிட்ட கேக்கல."

அவர் பெருமூச்சு விட்டதோ தலையில் அடித்துக்கொண்டதோ இல்லை. காலித் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நான் இத எடுத்துடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"தோட்டம் என்னுது. என்னக் கேளுங்க!" என்றார் முதலாளி.

"தோட்டம் உங்களுதுதான் சார். பாசி அவங்களுது. போட்ட வேல இந்தப் புள்ளையுது. அதான் கேக்கறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைக் கேளுங்கள் என்று அவரிடம் சொன்னவள் நான்தான். கேட்டுவிட்டார். என் வேலை அந்தப் பச்சையில் இருக்கிறது என்று தெரிந்தும் கேட்டார். பதில் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும் முகத்தோடு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"எடுங்க" என்றேன்.

அன்று மாலை அவர் அந்தச் சுவர் முன்னால் நின்று, வடித்த கஞ்சியைப் பூசி, பாசியைத் துண்டு துண்டாகத் திரும்ப ஒட்டினார். தெரு கூடிவிட்டது. "போகிக்குச் சுரண்டப் போற செவுத்துக்கு இன்னாத்துக்கு பாய் மேக்கப்பு?" என்று ஒருவன் கத்தினான். சைக்கிள் கடைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். பாயும் கூடச் சிரித்தார். ஒட்டுவதை நிறுத்தவில்லை. எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று தெரியாமல் என்னிடம் வந்து கேட்டார். காரையில் வளர்ந்தது, செங்கல்லில் வளர்ந்தது என்று நான் பிரித்துக் கொடுத்தேன்.

முதலாளி அவரை அன்றோடு நிறுத்திவிட்டார். என்னிடம், "போகிக்குள்ள நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது, முத்தம் பச்சையாகணும். இல்லன்னா செயற்கைப் புல்லு போட்டுடுவேன்" என்றார். பிளாஸ்டிக் புல் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளத் தாவரவியல் படித்தவள் தேவையில்லை. இரண்டு நாள் தனியாக அலைந்தேன். நெல்லித்தோப்பில் கோணிப்பையை எடுக்க மறுத்தார்கள். வேறிடத்தில் பெயின்டர்கள் எனக்கு முன்னால் போயிருந்தார்கள்.

போகி அன்று காலை தெருவெங்கும் பழைய கோரைப்பாய் எரிந்த புகை. விடுதி கேட்டுக்கு வெளியே டிவிஎஸ் சத்தம். வண்டியின் முன்னாலும் பின்னாலும் தட்டுகள். எல்லாம் ஈரமான பாசி.

"பதில் வந்துடுச்சும்மா" என்று போனை நீட்டினார். வயதான பெண் குரல், தமிழும் பிரெஞ்சும் கலந்து, பாயை முசே, அதாவது ஐயா, என்று அழைத்தது. எடுத்துக்கொள்ளலாம், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், கேட்டதற்கு நன்றி, மெர்சி. "அந்த வீட்ட எப்ப விப்பீங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க முசே. பாசி இருக்குன்னு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"எப்ப வந்துச்சு?"

"முந்தாநேத்து."

"முந்தாநேத்தா? நான் ரெண்டு நாளா நாயா அலையிறேன் பாய்!"

"அவங்க குடுத்தது எனக்கும்மா. இங்க இப்ப எனக்கு வேல இல்லியே. உனக்குக் குடுக்கலாமான்னு மறுபடி கேட்டு அனுப்பினேன். அதுக்கு பதில் இன்னிக்குக் காலையிலதான் வந்துது." இரண்டாவது பதிவையும் போட்டுக் காட்டினார். அதில் மதாம் சிரித்துக்கொண்டே, ஆமாம் என்பதைப் பிரெஞ்சில் ஒரே வார்த்தையாகச் சொன்னார்: "வுய்."

வாட்ச்மேனிடம் அனுமதி வாங்கி, தட்டுகளை இறக்கி வாசலுக்கு உள்பக்கம் வைத்தோம். எல்லாவற்றையும் இறக்கிய பிறகு பாய் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். அங்கிருந்து கல்விளக்கின் தலைதான் தெரியும்.

"ஒரு நிமிசம் உள்ள வந்து பாத்துட்டுப் போலாமா?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

"மொதலாளி ஏர்போர்ட்டுக்குப் போயிருக்காரு. உங்கள உள்ள விட வேணாம்னு சொல்லியிருக்காருண்ணா."

"அட வாங்க பாய்" என்று நான் கேட்டை முழுக்கத் திறந்தேன். "நான் சொல்றேன், வாங்க."

"நீ சொல்லக் கூடாதும்மா. அவரு சொல்லணும்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. வழி சொல்வது போலச் சொன்னார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

தெருவின் ஒரு முனையில் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மறுமுனைப் பக்கம், நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்வரிசை வீட்டுப் பெண் தொடங்கிய கோலம் தெருவின் அகலத்துக்கு வளர்ந்திருந்தது. பாய் அதன் விளிம்பில் வண்டியை நிறுத்தினார்.

"ஓரமா போயிக்கட்டுமாம்மா?"

"இருங்கண்ணா, இந்தக் கரும்ப முடிச்சுட்டு வழி விடறேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

"சரிம்மா" என்று அவர் இன்ஜினை அணைத்தார். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி உட்கார்ந்து, அவள் பச்சைப் பொடி தூவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தட்டுகளில் பாசி ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது. நான் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.